பிக்கப்பை ரோட்ஸ்டர் ஆக்க: முதலில் சேஸ், அப்புறம்தான் கூரை

பழைய பிக்கப் ஒன்றின் பக்கத்தில் நின்று, கேபினின் பின்சுவருக்கும் சாமான் ஏற்றும் பின்பெட்டிக்கும் நடுவே பாருங்கள். விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். கேபின் தனி, பின்பெட்டி தனி, அதனால் நடுவில் இடம் விட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் கடந்து போய்விடுவார்கள். பழைய பிக்கப்பை வெட்டி, கூரையில்லாத ரோட்ஸ்டர் ஒன்றைச் செய்ய நினைக்கிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த இடைவெளியைத்தான் என்பது என் கட்சி. என் வண்டியில் வேலை தொடங்கிய நாளிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இன்ஜின் என்ன என்று. அடுத்த கேள்வி, கூரையை எப்படி வெட்டினீர்கள் என்று. வண்டியின் அடிச்சட்டமான சேஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது.

அந்த இடைவெளி ஏன் இருக்கிறது? பிக்கப்பின் சேஸ் முறுக்கிக்கொள்ளும்படியே செய்யப்பட்டது. ஒரு பக்க முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேஸ் கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் மற்ற மூன்று சக்கரங்களும் தரையை விடாமல் இருக்கும். பாரம் ஏற்றிக் கரடுமுரடான வழியில் போகிற வண்டிக்கு அது நல்ல குணம். கேபின் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த முறுக்கல் அதற்குள் முழுதாக ஏறுவதில்லை. பின்பெட்டி தன் போக்கில் ஆடும். இரண்டும் உரசிக்கொள்ளாமல் இருக்கத்தான் நடுவில் இடம். ஒரு பழைய பிக்கப் மேடுபள்ளத்தில் மெல்லப் போகும்போது பின்னாலேயே நடந்து போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். கேபின் ஒரு பக்கம் சாயும், பின்பெட்டி மறுபக்கம் சாயும், இடைவெளி ஒரு மூலையில் குறுகி எதிர்மூலையில் விரியும்.

ரோட்ஸ்டரில் அந்த இடைவெளிக்கு இடமே கிடையாது. பானெட்டில் தொடங்கிக் கதவைத் தாண்டி வால் வரை ஒரே உடலாக ஓடுகிற கோடுதான் அதன் அழகு. அப்படியே உடலை ஒட்டிவிட்டால், இத்தனை நாள் அந்த இடைவெளியில் கழிந்துகொண்டிருந்த முறுக்கல் எங்கே போகும்? கதவின் மூலையில் போகும். வெல்டிங் தையலில் போகும். முதலில் பெயின்டில் முடி போல ஒரு விரிசல், அப்புறம் தகட்டிலேயே கிழிசல். மேலே எவ்வளவு பட்டி பார்த்தாலும் அது திரும்பத் திரும்ப வரும். ஆகவே உடலை ஒன்றாக்குவதற்கு முன்னால் சேஸ் முறுக்கிக்கொள்வதை நிறுத்தியாக வேண்டும்.

இவ்வளவு சிக்கல் இருக்கும்போது பிக்கப்பை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். முதல் காரணம், அதற்குத் தனி சேஸ் இருக்கிறது. சேஸும் உடலும் ஒன்றான இன்றைய கார்களில் கூரையும் வண்டியின் எலும்பில் ஒரு பகுதி. அதை எடுத்தால் நடுவில் தொய்யும். பிக்கப்பில் மேலே உள்ள எல்லாவற்றையும் கழற்றி வைத்தாலும் இரண்டு நீளச்சட்டமும் குறுக்குச்சட்டங்களும் இன்ஜினையும் நான்கு சக்கரங்களையும் தாங்கி நிற்கும். வேலை செய்யவும் எளிது. எல்லாப் பக்கமும் கை போகும்.

இன்னொரு காரணம் வரலாறு. பிக்கப் பிறந்ததே ரோட்ஸ்டரிலிருந்துதான். 1925இல் ஃபோர்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே செய்து விற்ற முதல் பிக்கப், மாடல் டி வகையின் இரண்டு இருக்கைத் திறந்த வண்டி. அதன் பின்பக்க மூடி இருந்த இடத்தில் சாமான் பெட்டி வைத்தார்கள், அவ்வளவுதான். 1928இல் வந்த மாடல் ஏ பிக்கப்பும் திறந்த கேபினோடு கிடைத்தது. மழைக்கும் குளிருக்கும் பயந்து மூடிய கேபின் பிற்பாடு நிலைத்தது. அதே காலத்துத் திறந்த வண்டிகளைத்தான் கலிஃபோர்னியா இளைஞர்கள் மட்கார்டு, பம்பர் எல்லாம் கழற்றி, எடையைக் குறைத்து, மியூராக் என்ற காய்ந்த ஏரிப்படுகையில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் வந்ததும் அந்தப் பைத்தியம் கூடியது. கொள்ளளவு 221 கன அங்குலம், திறன் 65 குதிரைத்திறன். இன்றைக்குச் சிறிய எண்ணாகத் தெரியும், அன்றைக்குச் சாமானியர் வாங்கக்கூடிய வண்டியில் அது பெரிய விஷயம். ஏரிப்படுகைப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937இல் தெற்கு கலிஃபோர்னியா டைமிங் சங்கம் உருவானது. அன்று அவர்கள் ரோட்ஸ்டரை விரும்பியதற்குக் காரணம் எளிமையானது: கூரை இல்லாததால் எடை குறைவு, விலையும் குறைவு.

பிற்காலத்தில் பெரிய கம்பெனிகளே கூரை திறக்கும் பிக்கப்பைச் செய்து பார்த்ததுண்டு. 1989இல் டாட்ஜ் டகோட்டாவில் துணிக்கூரை வகை ஒன்று வந்தது. இருக்கைக்குப் பின்னால் கனமான கம்பி வளையம் ஒன்றையும் வைத்தார்கள். 2003இல் ஷெவ்ரலே எஸ்எஸ்ஆர், மடிந்து இறங்கும் இரும்புக் கூரையோடு வந்தது. இரண்டுமே சில ஆண்டுகளில் நின்றுபோயின. எனக்கு அந்த டகோட்டா மேல் தனிப் பிரியம் உண்டு. இருக்கைக்குப் பின்னால் இருந்த வளையத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, சேஸுக்கு வருவோம். உடலையெல்லாம் இறக்கி, சேஸை நிலையான தாங்கிகளின் மேல் வைத்து, ரசமட்டத்தால் சமம் பார்த்துவிட்டு முதலில் அளக்க வேண்டியது மூலைவிட்டங்களை. நீளச்சட்டத்தின் குறிப்பிட்ட துளைகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, முன் இடதிலிருந்து பின் வலது, முன் வலதிலிருந்து பின் இடது என்று டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சேஸ் கோணவில்லை. எப்போதோ எங்கேயோ மோதின வண்டியென்றால் இங்கே தெரிந்துவிடும். அடுத்து ரிவெட்டுகள். பழைய சேஸ்களில் குறுக்குச்சட்டங்களை ரிவெட் அடித்துத்தான் பிடித்திருப்பார்கள். ரிவெட்டின் தலையைச் சுற்றிச் செம்பழுப்பாகப் பொடி படிந்திருந்தால் அது உள்ளே ஆடுகிறது என்று அர்த்தம். அதை வெட்டி எடுத்துவிட்டு, துளையைச் சீராக்கி, இறுக்கமாகப் பொருந்தும் உயர்தர போல்ட் போடுவது நல்லது. மேல், கீழ் மடிப்புகளில் புதிதாகத் துளை போடக் கூடாது. வளையும்போது இழுவையும் அழுத்தமும் அங்கேதான் அதிகம். துளை வேண்டுமென்றால் சட்டத்தின் நடுவுயரத்தில் போடுங்கள்.

இனி முறுக்கல். பிக்கப்பின் நீளச்சட்டம் பெரும்பாலும் ஆங்கில எழுத்து சி வடிவில் இருக்கும். மூன்று பக்கம் தகடு, ஒரு பக்கம் திறந்த வாய். இந்த வடிவம் பாரத்தை நன்றாகத் தாங்கும், முறுக்கலைத் தாங்காது. அட்டைக் குழாய் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கத்தியால் கீறிவிட்டு முறுக்குங்கள், தளர்ந்துவிடும். அட்டை குறையவில்லை, வட்டம் அறுந்துவிட்டது. சேஸ் சட்டமும் அப்படித்தான். 150 மில்லிமீட்டர் உயரம், 60 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள சி சட்டம் ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டால், அதன் வாயை அதே கனத்தில் தகடு வைத்து அடைத்ததும் முறுக்கலை எதிர்க்கும் திறன் 800 மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஒரு துண்டுச் சட்டத்துக்கான எண் இது. முழு சேஸில் மூட்டுகளும் குறுக்குச்சட்டங்களும் பலவீனத்தைக் கொண்டுவருவதால் ஆதாயம் அதைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் வண்டியின் குணமே மாறுகிற அளவுக்கு இருக்கும்.

வாயை அடைப்பதற்கு முன் உள்பக்கத்துத் துருவை முழுக்க எடுத்துவிட வேண்டும். அடைத்த பிறகு அங்கே கை போகாது. பிரேக் குழாயும் ஒயரும் எந்த வழியில் போகும் என்று இப்போதே தீர்மானித்து, துளைகளுக்குக் குழாய்த்துண்டு வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் வெல்டிங். இங்கே அவசரப்பட்டால் சேஸ் வாழைப்பழமாக வளைந்துவிடும். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது சட்டத்தையும் தன் பக்கம் இழுக்கும். சேஸை இரும்பு மேசையோடு பிடித்துக் கட்டி, முதலில் தூரத்தூர டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடித்து, பிறகு முன்னால் ஒரு விரல்நீளம், பின்னால் ஒரு விரல்நீளம், இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த வெல்டர் அண்ணன், "கையை வெச்சுப் பாருங்க தம்பி, கை பொறுக்கலன்னா அடுத்தது போடாதீங்க" என்பார். வேறு எந்த அளவுகோலும் எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டு நீளச்சட்டத்தையும் அடைத்த பிறகும் அவை தனித்தனியாக ஏறி இறங்கலாம். அதைத் தடுக்கத்தான் நடுவில் எக்ஸ் வடிவக் குறுக்குச்சட்டம். ஃபோர்டு 1933லேயே தன் சேஸில் இதைக் கொண்டுவந்துவிட்டது. பிற்காலத்துக் கூரை திறக்கும் கார்கள் பலவற்றில் அடியில் குனிந்து பார்த்தால் இந்த எக்ஸ் தெரியும். கேபினின் முன்சுவர் வரும் இடத்துக்கு நேராகத் தொடங்கி, கியர்பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு கால்களும் சந்தித்து, இருக்கைக்குப் பின்னால் மறுபடி நீளச்சட்டத்தில் போய்ச் சேர வேண்டும். கியர்பாக்ஸைக் கீழே இறக்கி எடுக்க வழி இருக்கிறதா, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆட இடம் இருக்கிறதா என்பதை டாக் நிலையிலேயே பார்த்துவிடுங்கள்.

சோதனை எளிது. சேஸை நான்கு தாங்கிகளில் வைத்து, முன் குறுக்குச்சட்டத்தில் ஒரு ரசமட்டம், பின் குறுக்குச்சட்டத்தில் ஒரு ரசமட்டம். முன்னால் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் மெல்லத் தூக்க வேண்டும். பழைய சேஸில் முன்குமிழி ஓரத்துக்கே ஓடிய பிறகும் பின்குமிழி நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் தூக்கப்படுவது பின்பக்கத்துக்குத் தெரியவே இல்லை. வாயை அடைத்து எக்ஸும் போட்ட பிறகு அதே ஜாக்கி, அதே மூலை. முன்குமிழி நகரத் தொடங்கியதும் பின்குமிழியும் கூடவே நகர்ந்தது, கொஞ்ச நேரத்தில் பின்பக்கத் தாங்கியை விட்டுச் சேஸ் எழும்பியது. வண்டி ஓடுவதைப் பார்த்த சந்தோஷத்துக்கு இணையான சந்தோஷம் எனக்கு அது.

சேஸைக் குட்டையாக்குவதும் இந்தக் கட்டத்தில்தான். 1948இல் வந்த ஃபோர்டு எஃப்-1 பிக்கப்புக்கு முன், பின் அச்சுகளுக்கு இடையே 114 அங்குலம். 1932 ஃபோர்டுக்கு 106. அந்த எட்டு அங்குலம் எல்லாமே கதவுக்குப் பின்னால் வீணாக நீளும், வண்டி கட்டில் போலத் தெரியும். நீளச்சட்டத்தை நேர்குத்தாக வெட்டி ஒட்டக் கூடாது. படி வைத்தாற்போல் வெட்டி, ஒட்டின இடத்தின் மேல் சாய்சதுரத் தகடு வைத்துப் பிடித்தால் பாரம் ஒரே கோட்டில் விழாது.

இப்போது கேபின். வெட்டுவதற்கு முன் கதவுகளை மாட்டி, சுற்றிலும் இடைவெளி சீராக இருக்கும்படி கீலைச் சரிசெய்து, அதன் பிறகு உள்ளே சதுரக் குழாய்களைப் பற்றவைக்க வேண்டும்: முன்தூணிலிருந்து பின்தூணுக்கு ஒன்று, குறுக்கே இடதிலிருந்து வலதுக்கு ஒன்று, மூலைவிட்டமாக ஒன்று. கூரை இருக்கும்வரை கதவுத் தூண்களின் தலை மேலே கட்டுப்பட்டிருக்கும். கூரை போனதும் பின்தூண் வெளிப்பக்கம் விலகும், கதவு பூட்டில் விழாது. தாங்கல் குழாய்களைக் கடைசிவரை கழற்றாமல் வைத்துக்கொண்டு, அவை செய்த வேலையை நிரந்தரமாகச் செய்ய வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். டேஷ்போர்டுக்கு உள்ளே ஒரு கனமான குழாய், இரண்டு கீல் தூண்களையும் இணைத்துக் கீழே சேஸ் வரை இறங்குவது. இருக்கைக்குப் பின்னால் இன்னொரு வளையம், பூட்டுத் தூண்களை இணைத்து, பின்னோக்கிச் சாய்ந்த கால்களோடு சேஸில் நிற்பது. டகோட்டாவில் இருந்ததும் இந்த இடத்தில்தான். கண்ணுக்கு உறுத்தாமல் இதைத் தகட்டுக்கு உள்ளேயே மறைத்துவிடலாம். ஆனால் வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க வேண்டுமென்றால் அது தலைக்கு மேல் உயர்ந்தே ஆக வேண்டும். நான் உயர்த்தித்தான் வைத்திருக்கிறேன். கோடு கெடுகிறது என்று சொன்னவர்கள் உண்டு, சொல்லட்டும்.

கேபினைத் தாங்கிய ரப்பர் புஷ்களுக்கும் இப்போது வேலை இல்லை. சேஸே முறுக்காதபோது உடலை அதோடு இறுக்கிப் பிடிப்பதுதான் நல்லது. மெல்லிய கெட்டி ரப்பர் தகடு போதும். அதற்கப்புறம் உடலும் சேஸும் ஒன்றுக்கொன்று துணை.

பார்வைக்கு இது ரோட்ஸ்டரா, கூரை அறுந்த பிக்கப்பா என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஓர் உயரம்: பானெட் முடிந்து முன்கண்ணாடி தொடங்குகிற கௌல். பிக்கப்பில் ஓட்டுநர் நாற்காலியில் உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்காருவார், அதனால் கௌல் உயரம். கூரையை எடுத்ததும் அந்த உயரம் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும். முன்கண்ணாடியைக் குள்ளமாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது இன்னும் மோசமாக்கும். தரையை வெட்டி, உடலைச் சேஸின் மேல் நாலைந்து அங்குலம் இறக்கி உட்காரவைப்பதுதான் வழி. அப்படி இறக்கினால் கால் நீட்டும் இடமும், பெடல்களின் உயரமும், ஸ்டியரிங் கம்பியின் சாய்வும் மாறும். ஆகவே எதையும் பற்றவைக்கும் முன்னால் இருக்கையை வைத்து, அதன் பஞ்சு அமுங்குகிற அளவுக்கு உட்கார்ந்து, யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் மேல்சட்டம் கண்ணுக்கு நேராக வரவே கூடாது. ஒன்று நன்றாக மேலே, இல்லையென்றால் நன்றாகக் கீழே.

வெட்டிய கூரையைத் தூக்கி எறியாதீர்கள். கூரைத் தகட்டுக்கு இரண்டு திசையிலும் மெல்லிய வளைவு இருக்கும், அப்படியொரு வளைவைத் தட்டையான தகட்டில் கையால் கொண்டுவருவது கடினம். இருக்கைக்குப் பின்னால் வருகிற மூடுதளத்துக்கு அந்தக் கூரையையே திருப்பி வைத்தேன். ஓரங்களை அட்டையில் மாதிரி எடுத்து வெட்டி, தகடும் தகடும் மேலே ஏறாமல், இடையில் வெளிச்சம் தெரியாமல் முட்டவைத்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு டாக். ஒவ்வொரு டாக்கும் ஆறியதும் அடியில் டாலி என்ற கையடக்க இரும்புக் கட்டியைப் பிடித்து மேலே சுத்தியலால் இரண்டு தட்டு. சுருங்கின தகடு அந்தத் தட்டலில் மறுபடி விரிந்து தன் இடத்துக்கு வரும். உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் தெரியும். மெல்லிய துணிக் கையுறை போட்டுக்கொண்டு தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும், டிங்கரிங் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். நன்றாகச் செய்த தையலுக்குப் பட்டி பெயரளவுக்குத்தான் தேவைப்படும்.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எடை குறைந்த வண்டிக்குச் சுமாரான இன்ஜினே போதும். முடிந்தால் இரண்டு மூன்று அங்குலம் பின்னால் தள்ளி வையுங்கள், முன்பக்கப் பாரம் குறையும். மாற்ற வேண்டிய முக்கியமான விஷயங்கள் வேறு. பின்னால் உள்ள ஸ்பிரிங் பட்டைகள் பாரம் சுமக்கச் செய்யப்பட்டவை. வால் இலேசான பிறகு அவை அசையவே அசையாது, வண்டி குதிக்கும். நடுவிலிருந்து பட்டைகளைக் குறைத்து, ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதே காரணத்தால் பின் பிரேக் சீக்கிரமே சக்கரத்தைப் பூட்டிவிடும், வால் சுழலும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று கட்டாயம். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை ஓட்டுநரின் காலடியில், சேஸோடு வைத்தால் அது சக்கரத்தின் பிரேக்கைவிடத் தாழ்ந்துபோகும், ஆயில் திரும்பி வழியும். டிஸ்க் பிரேக் பக்கம் 2 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), டிரம் பிரேக் பக்கம் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சிறிய வால்வுகள் கிடைக்கின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று உள்ள மாஸ்டர் சிலிண்டரைத்தான் போட வேண்டும். இதில் பேரம் கிடையாது.

பல பழைய பிக்கப்களில் பெட்ரோல் டேங்க் கேபினுக்கு உள்ளேயே, இருக்கைக்குப் பின்னால் இருக்கும். வெல்டிங் கம்பியைத் தொடும் முன் அதைக் கழற்றி, பட்டறைக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி இருக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள், சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். புதிய டேங்கைப் பின்னால், இரண்டு நீளச்சட்டங்களுக்கு நடுவே வைத்து, வண்டி கவிழ்ந்தாலும் ஒழுகாத மூச்சுவால்வு போட்டு, உட்காரும் இடத்துக்கும் அதற்கும் நடுவே முழு இரும்புச் சுவர் ஒன்றை அடைத்திருக்கிறேன்.

முன்கண்ணாடிக்குத் தட்டையான லேமினேட் கண்ணாடி போதும். நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் உடைந்தாலும் முகத்தில் கொட்டாது, வேண்டிய வடிவத்துக்கு வெட்டவும் முடியும். பக்கக் கதவுகளில் இருக்கிற டெம்பர் செய்த (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியை வெட்டப் போனால் பொடிப்பொடியாகிவிடும்.

பிறகு மழை. திறந்த வண்டிக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும், வெளியே போக வழி வைப்பதுதான் நம் வேலை. தரையின் தாழ்ந்த மூலைகளிலும், கதவின் அடியிலும், மூடுதளத்தின் ஓரத்திலும் வடிதுளை. ஃபியூஸ் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி டேஷ்போர்டுக்கு உள்ளே மேல்பக்கமாக வைக்க வேண்டும். வண்டியின் கட்டமைப்பையே மாற்றியிருப்பதால் ஓட்டுவதற்கு முன் அந்தந்த இடத்துச் சட்டப்படி பரிசோதனையும் பதிவும் வேண்டியிருக்கும். வேலை தொடங்கும் முன்பே அந்த விதிகளை வாசித்துவிட்டு, ஒவ்வொரு வெல்டிங் மூட்டையும் மூடுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பரிசோதிப்பவருக்குக் காட்ட உதவும். என் வண்டியில் இனி மிச்சமிருப்பது, நிறுத்தி வைக்கும்போது இருக்கைகளை மூடும் தார்ப்பாய். அதற்குப் பட்டன்கள் எங்கெங்கே வர வேண்டும் என்று மூடுதளத்தின் ஓரத்தில் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறேன்.